வெள்ளிக்கிழமை அடுப்பு

பத்தரை அடித்துவிட்டது. ராகு காலம் பிறந்தாயிற்று. இனிப் பன்னிரண்டு மணிவரை குழந்தை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாது, அதுவரை எனக்கு அவகாசம். எழுபத்தாறு வயதில் ராகு காலத்துக்கு நன்றி சொல்லும்படி ஆகிவிட்டதே. முப்பத்து நாலு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவள் நான். கிரகணத்தன்று வேண்டுமென்றே சுண்டல் வாங்கி வகுப்பில் எல்லோரையும் சாப்பிட வைத்தவள். மனோரஞ்சிதம் டீச்சருக்குக் கடவுள் பயமே கிடையாது என்று பெற்றோர் சங்கத்தில் புகார் எழுதினார்கள். இப்போது கூடத்து மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ராகுவே, இன்னும் கொஞ்சம் மெல்லப் போயேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். எதிரே பொன்னறையின் கதவு. அதற்குப் புதிதாகச் சந்தன நிறம் அடித்திருக்கிறார்கள், நிலையில் மாவிலை, வாசலில் செம்மண் இட்ட கோலம். என் தம்பி மகன் சத்தியசீலனின் ஏற்பாடு. தம்பி என்றால் என் அம்மா வயிற்றுத் தம்பி இல்லை, சின்னம்மா பிள்ளை. சத்தியசீலனின் மகள் தாரிணிக்கு ஐந்து நாளைக்கு முன் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாத்தா தருமலிங்கம், என் அப்பா, தங்கம் உருக்கிய அறையில்தான் குழந்தை வீட்டுக்கு வந்த முதல் பத்து ராத்திரி தூங்க வேண்டும் என்று அவன் முடிவு செய்துவிட்டான். தாத்தாவைப் பற்றி மலர் ஒன்று அச்சாகிறது, அதன் கடைசிப் பக்கத்தில் பொன்னறைத் தொட்டிலில் எள்ளுப்பேத்தி. படம் எடுக்கிறவன் பன்னிரண்டரைக்கு வருகிறான். எல்லாம் நேரத்துக்கு நடக்கும், சத்தியசீலன் அப்படித்தான்.

எல்லம்மா கணப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் போகிறாள். கரி இன்னும் பற்றவில்லை. "பிள்ளை வர்றதுக்குள்ள ரூம் கதகதன்னு ஆயிடணும்னு ஐயா சொல்லிட்டாரும்மா" என்கிறாள். மெல்லப் பற்ற வைடி, அவசரமில்லை என்கிறேன். அவள் சிரிக்கிறாள். முந்தாநாள் இதே எல்லம்மாதான் அந்தத் தரையைக் கழுவும்போது கையைக் குவித்துக்கொண்டு ஓடி வந்தாள். அடுப்பு மேடைக்குக் கீழே வெடிப்பில் இருந்ததாம். "அம்மா, பாருங்களேன், வெள்ளி மாதிரி ஓடுது, பிடிச்சா ரெண்டாப் பிரியுது." அவள் உள்ளங்கையில் கடுகு கடுகாக ஏழெட்டு மணிகள், ஒன்றையொன்று தேடி உருண்டு ஒட்டிக்கொண்டன. கையைத் தட்டி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விழச் செய்து, அவளைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லி, கிண்ணத்தோடு போய் சத்தியசீலன் முன்னால் வைத்தேன். ஐம்பத்தேழு வருஷமாக வாயில் அடைத்து வைத்திருந்ததை அவனிடம் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை, பாதிதான். இது பாதரசம், இந்த அறையின் சுவரிலும் தரையிலும் ஊறிக் கிடக்கிறது, சூடு பட்டால் ஆவியாகும், மணம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, பெரியவர்களையே பிடிக்கும், ஐந்து நாள் சிசுவை விடாது என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான், அது அவன் நல்ல குணம். யாருக்கோ போன் போட்டான். பிறகு, "எழுபது வருஷத்துக்கு முன்னாடி போன புகை அத்தை. தரையைத்தான் மூணு தடவை கழுவியாச்சே. பத்து நாள்தானே" என்றான். "முப்பத்து நாலு வருஷம் பாடம் எடுத்த பழக்கம், அத்தைக்கு எதைப் பார்த்தாலும் லேப்." கிண்ணத்திலிருந்ததைக் கைக்குட்டையால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அச்சகத்துக்குப் பேசப் போய்விட்டான். படித்தவனுக்குப் பாதிதான் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னதும் பாதிதானே.

மீதியைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ. மீதி என்றால் மூன்று குழந்தைகள். மீதி என்றால் தாத்தா. அந்த மலரில் தாத்தா எழுபத்திரண்டு பக்கம் இருக்கிறார். அவருடைய அப்பா, என் பாட்டனார், வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பூதிமலையில் ஆள் கொண்டுவந்து விட்ட கங்காணி. குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பஞ்சத்தில் அடிபட்ட சனங்களை மாட்டுவண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார் என்று மலரில் பெருமையாகப் போட்டிருக்கிறது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று போடவில்லை. சுரங்கக் குழியில் தண்ணீர் சுரந்து, தங்கம் தீர்ந்துவிட்டது என்று கம்பெனி கையை உதறிவிட்டுப் போனபோது அப்பாவுக்கு இருபத்தைந்து வயது. ஊர் சிரிக்க, அந்தச் செத்த குழியை வாங்கினார். ஒன்றரை வருஷம் தண்ணீர் இறைத்தார்கள். வெள்ளைக்காரன் விட்ட இடத்திலிருந்து நாற்பதடி கீழே தங்க நரம்பு மறுபடி ஓடியது. அப்பா சொல்லும்போது கையை முழங்கை வரை நீட்டிக் காட்டுவார், இத்தனை தடிமன், வெள்ளைக் கல்லுக்குள்ளே மஞ்சளாய் என்று. அந்தக் கையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், என் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆலைக்குப் போவார், கல் இடிக்கிற சத்தத்தில் என் காதைத் தன் துண்டால் கட்டிவிடுவார். பிடிக்காத மனிதராக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாகப் போயிருக்கும். கரி பற்றிக்கொண்ட வாசனை வருகிறது.

கல்லை இடித்துக் கூழாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் மட்டும் ரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதை வழித்து மான் தோலில் வைத்துப் பிழிந்தால் வெண்ணெய் மாதிரி வெள்ளை உருண்டை. பார்த்தால் தங்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் காய்ச்சினால் ரசம் புகையாகிப் போய்த் தங்கம் நிற்கும். இதற்கென்று ஆலையில் வாலை இருந்தது, மூடின இரும்புப் பானை, அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் போகும், புகை அங்கே குளிர்ந்து திரும்பவும் ரசமாகிவிடும். வெள்ளைக்காரன் விட்டுப்போனவற்றில் அதுதான் உருப்படியான சாமான். ஒருநாள் வாலைக்காரன் உருண்டையில் ஒரு விள்ளல் கிள்ளி வேட்டி முடிச்சில் வைத்திருந்ததை அப்பா பிடித்துவிட்டார். பதினோரு வருஷம் கூட இருந்தவன். அன்றோடு யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தார். வாரம் முழுக்கச் சேர்ந்த உருண்டைகளை வியாழக்கிழமை சாயங்காலம் தானே மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்து, ஈர முடியோடு, சமையலறைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய அறையில் அடுப்பு மூட்டுவாள். வாலையெல்லாம் கிடையாது. இரும்பு வாணலி, மேலே மண் மூடி. குழாய் வைத்தால் சுவரில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் ஊர் பார்க்கும். ரசம் வீணானால் போகட்டும் என்றார். இருந்த ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தார். அதற்குப் பொன்னறை என்று பெயர் வைத்ததும் அவர்தான். "லட்சுமி நம்ம வீட்டு அடுப்புலதான் பிறக்கணும், உன் கையாலதான் பிறக்கணும்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மாவுக்கு அப்போது இருபது வயதோ என்னவோ. முகமெல்லாம் சிவந்துபோகும், அடுப்பாலோ அந்தப் பேச்சாலோ.

நான் தலைப்பிள்ளை, ஆம்பூரில் மாமா வீட்டில் பிறந்தேன், அதனால்தான் இருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கமில்லையே. அம்மா போய்விட்டால் வெள்ளிக்கிழமை அடுப்பை யார் பார்ப்பது. இங்கேயேதான். மார்கழியில் பூதிமலைக் குளிர் எலும்பில் ஏறும். வீட்டிலேயே எப்போதும் சூடாக இருக்கிற இடம் பொன்னறைதான், காற்றும் நுழையாது, கண்ணும் படாது. பிள்ளை பெற்றவளுக்கு அதைவிடத் தோதான அறை எது என்று எல்லாருமே சொன்னார்கள். மருத்துவச்சி சொன்னாள், அப்பா சொன்னார், அம்மாவே சந்தோஷமாகப் போய்ப் படுத்தாள். குழந்தை பிறந்த எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. தூளியை அடுப்புக்கு நேராக ஆட்டிக்கொண்டே அவள் வாணலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன், உள்ளே வராதே, சூடு என்பாள். முதல் தம்பி முப்பத்தொன்பது நாள் இருந்தான். இருமி இருமி நீலம் பாரித்துப் போனான். சளி என்றார்கள். அடுத்தது பெண், பதினொரு நாள். மூன்றாவது மறுபடி ஆண்பிள்ளை, அவன்தான் அழகு, அவனுக்கு மூன்று மாதம் கிடைத்தது, சிரிக்கக்கூடப் பழகிவிட்டான். அவன் போன அன்று அம்மா அழவே இல்லை, எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தாள். அப்போதே அவள் கை ஆட ஆரம்பித்துவிட்டது. ஈறு கறுத்து, பல் ஒவ்வொன்றாக ஆடிற்று. காப்பி தம்ளரை அப்பா முன் வைப்பதற்குள் பாதி சிந்தும். சும்மா யாராவது கூப்பிட்டால் பதறுவாள், வெட்கப்படுவாள், திடீரென்று கத்துவாள். வேலைக்காரிகள் பிள்ளைத் தின்னி என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்து, அம்மாவிடமே போய் அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். எனக்கு எட்டு வயது. கேட்டிருக்கவேண்டாம். அவள் என்னைப் பார்த்த பார்வை அப்படியே இருக்கிறது, நான் என்ன பாடம் நடத்தினாலும் கரும்பலகையில் அது கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.

பதினொன்று இருபது. கடிகாரம் வேகமாக ஓடுகிறதா, நான்தான் ஒரே இடத்தில் சுற்றுகிறேனா. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா. எத்தனை தடவை எடை போட்டாயிற்று, தட்டு ஒருபக்கமும் சாய்ந்ததில்லை. தெரியாது என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் ரசத் தகட்டுக்காரர்களுக்குக் கை ஆட ஆரம்பித்தால் வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பினாரே, வாரம் ஒருநாள் பாலும் வெல்லமும் கொடுக்கச் சொன்னாரே. அந்த ஆட்டமும் சாப்பாட்டு மேசையில் தம்ளரைத் தட்டிய ஆட்டமும் ஒன்றுதான் என்று அவர் கண்ணுக்குப் படவில்லையா. கூலிக்காரன் கை வேறு, பெண்டாட்டி கை வேறு என்று நினைத்தாரா. தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்றாவது பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் செய்து வைத்துக்கொண்டு, அவன் போன பிறகு அதை முத்தமிட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுத மனிதர் யார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் சின்னம்மாவைக் கட்டினார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஆலையில் கெட்டியாகச் சுவர் எழுப்பி, பூட்டுப் போட்டு, வாலையைத் திரும்ப வைத்தார். பொன்னறையைச் சாத்தினார். அம்மாவை ஆம்பூர் மாமா வீட்டுக்கு அனுப்பினார். ஏன் அந்த மாதம். சின்னம்மாவுக்கு வரிசையாக நாலு பிள்ளை, நாலும் கல்லுக்குண்டு. ஊருக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, தோஷம் யாரிடம் இருந்தது என்று. கடைசிக் காலத்தில், நினைவு தப்புவதற்கு முன்பு, நான் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, "ஒரு ஜன்னல் விட்டிருக்கலாம்" என்றார். எந்த ஜன்னல்ப்பா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். கஞ்சி ஆறிப்போய்விட்டது, எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன்.

எனக்குத் தெரிந்தது வேலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். சோதனைச் சாலையில் ஒருத்தி வெப்பமானியைக் கீழே போட்டாள். மணி மணியாக ஓடியதைப் பிடிக்க எல்லோரும் சிரித்துக்கொண்டு குனிந்தோம். எங்கள் பேராசிரியை, சத்தம் போட்டே அறியாதவர், கத்தினார். எல்லாரையும் வெளியே விரட்டி, எட்டு ஜன்னலையும் திறந்து, கந்தகப் பொடி தூவினார். பிறகு வராந்தாவில் நிற்க வைத்துச் சொன்னார். கை ஆடும், ஈறு கறுக்கும், எச்சில் ஊறும், புத்தி பேதலிக்கும், கைக்குழந்தை என்றால் மூச்சு முட்டிப் போய்விடும். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர் மாதிரி. அந்தச் சனிக்கிழமையே ஆம்பூருக்கு ஓடினேன். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும், நீ பிள்ளைத் தின்னி இல்லை, உன்னிடம் தோஷம் ஒன்றும் இல்லை, புகைதான், வெறும் புகை என்று. பஸ் முழுக்க வாக்கியம் கோத்துக்கொண்டு போனேன். மாமா வீட்டுக் கிணற்றடியில் என்னை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். பத்து வருஷம் ஆகியும் விரல் ஆட்டம் நிற்கவில்லை, உச்சந்தலையில் தாளம் போட்டது. அம்மா, அந்தப் பொன்னறை அடுப்பு இருக்கில்ல என்று ஆரம்பித்தேன். அவள் விரல் நின்றது. "ஏழு வருஷம் கண்ணு" என்றாள். "ஒரு வெள்ளிக்கிழமை தவறல. பிள்ளை பெத்த உடம்போடயும் நான்தான் காய்ச்சினேன். உங்கப்பா இந்த உலகத்துல ஒருத்தரையும் நம்பினது கிடையாது, என்னைத் தவிர. இப்ப இருக்கிறவளை நம்பி அடுப்பைக் குடுத்தாரா, பாத்தியா? குடுக்கலையே. ஆலைக்குத்தானே கொண்டு போனாரு." அவள் குரலில் அப்படி ஒரு நிமிர்வை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பல் போன வாயால் சிரித்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். புகைதான் கொன்றது என்று நான் சொன்னால், அடுத்த மூச்சில் அவள் கேட்பாள், அந்தப் புகையை மூட்டியது யார் கண்ணு என்று. தூளியை அடுப்புக்கு நேராக ஆட்டியது யார் என்று. ராசி கெட்டவள் என்பது வெளியிலிருந்து வந்து விழுந்த பழி, விதி என்று தாங்கிக்கொள்ளலாம். தன் கையாலேயே மூன்றையும் கொன்றேன் என்பதை எந்தத் தாய் தாங்குவாள். என்னம்மா சொல்ல வந்தே என்றாள். ஒண்ணுமில்ல, எண்ணெய் கண்ணுல இறங்குது என்றேன். எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் போகும்வரை ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி செய்தேனா, தவறு செய்தேனா, அதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்குப் பாதரசம் பாடம் எடுத்தேன், கையால் தொடாதீர்கள், மூடிய அறையில் சூடாக்காதீர்கள் என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். சொல்ல வேண்டிய வீட்டில் சொல்லவில்லை. அவள் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்பா இருந்தார். அப்பா போன பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் சொல்லாமலிருப்பது பழகிவிட்டது. பைத்தியக்காரி மகள் என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயின, அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறை பூட்டித்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன என்றிருந்துவிட்டேன்.

யாருக்கு என்ன. ஐந்து நாள் குழந்தைக்கு. பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியிருப்பார்கள். கணப்பு நன்றாகப் பற்றிவிட்டது, கதவுச் சந்தில் சிவப்பாகத் தெரிகிறது, சூடு இங்கே என் காலில் படுகிறது. தாரிணிக்குக் காலையில் போன் செய்தேன், வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை, பாவம், பேசவே தெம்பில்லை, "அப்பாகிட்ட சொல்லுங்க பாட்டி" என்றாள். அப்பாவிடம் சொல்லியாயிற்று. அறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடலாம். பூட்டை உடைக்க ஆசாரி வர அரைமணி ஆகாது. வாசலில் குறுக்கே படுக்கலாம். அத்தைக்கு மூளை பிசகிவிட்டது, அவங்க அம்மா மாதிரியே என்று தூக்கிப் போய்ப் படுக்க வைப்பார்கள். மாத்திரைகூடத் தருவார்கள். முழுக் கதையையும் சொல்லலாம், மூன்று குழந்தைகளையும் சேர்த்து. நிரூபணம் என்ன அத்தை என்பான் சத்தியசீலன். மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்பு என்றால் அனுப்புவான், நல்ல பிள்ளை, பத்து நாளில் பதில் வரும். அந்தப் பத்து நாளும் குழந்தை எங்கே இருக்கும். கேட்கிறவர்கள் யார், யார் சொன்னால் இந்த வீட்டில் எடுபடும் என்று ஒவ்வொருவராக வைத்துப் பார்க்கிறேன். சத்தியசீலன் பெண்டாட்டி பூங்கோதை அவன் பேச்சைத் தாண்டமாட்டாள். தாரிணியின் மாமியார் இருக்கிறாள், திருப்பத்தூர்ச் சம்பந்தியம்மா, அவள்தான் காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். அவர்கள் வீட்டுப் பேத்தி. அவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் இவன் மறு வார்த்தை பேச முடியாது. பல்லி சொன்னாலே பயணத்தை நிறுத்துகிறவள், இந்த ராகு காலம்கூட அவள் கேட்டுக்கொண்டதுதான். அவளிடம் ஆவி அழுத்தம் என்றெல்லாம் பேசிப் பயனில்லை. அவளுக்குப் புரிகிற ஆவி வேறு. அது எனக்குத் தோன்றிய கணத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், வேறு ஏதாவது, வேறு ஏதாவது யோசி என்று எனக்குள்ளேயே கெஞ்சினேன். வெளியே கார் வந்து நின்றது.

சத்தியசீலன் முதலில் இறங்கினான், முகமெல்லாம் சிரிப்பு. பூங்கோதை ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். தாரிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்தாள். பின்னாலேயே சம்பந்தியம்மா, கையில் வெள்ளைத் துண்டில் பொதிந்த குழந்தை, துண்டுக்கு வெளியே ஒரு குட்டிக் கை. நான் எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன்.

"சம்பந்தியம்மா, பிள்ளையை அந்த ரூமுக்குக் கொண்டு போகாதீங்க."

"ஏம்மா?"

சத்தியசீலன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அத்தை கெமிஸ்ட்ரி டீச்சர்ங்க. எழுபது வருஷத்துக்கு முன்னாடி அங்க ஏதோ புகை இருந்துச்சாம். அதையெல்லாம் பேசி முடிச்சாச்சு அத்தை."

சம்பந்தியம்மாவும் டீச்சருக்கு உண்டான மரியாதையோடு சிரித்தாள், ஒரு அடி என்னைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

"புகை இல்லீங்க" என்றேன். "எங்கம்மா."

அவள் நின்றாள்.

"எங்கம்மா அந்த ரூம்ல மூணு பிள்ளை பெத்தா. மூணும் போச்சு. சளி, காய்ச்சல்னு வெளிய சொல்லிக்கிட்டோம். ஊரு பிள்ளைத் தின்னின்னு சொல்லிச்சு. ஊரு சொன்னதுதான் நிஜம். அவ கண்ணு பட்டுத்தான் போச்சு. புத்தி பேதலிச்சு, பிள்ளை பிள்ளைன்னு கேட்டுக்கிட்டேதான் செத்தா. அவ இன்னும் அங்கதான் இருக்கா. அவ பெத்த மக நான் சொல்றேன்."

எவ்வளவு சரளமாக வந்தது. ஒரு வாக்கியம்கூடத் தடுக்கவில்லை. சம்பந்தியம்மா சட்டென்று முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினாள். அத்தை, என்ன இது என்றான் சத்தியசீலன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. "பெத்த மகளே சொல்றப்ப அதுக்கு மேல இன்னா இருக்கு சம்பந்தி? ஒரு ராத்திரி இல்ல, ஒரு நிமிஷம் அங்க என் பேத்தி இருக்கக்கூடாது. இப்பவே திருப்பத்தூருக்கு எடுத்துக்கினு போயிடுவேன்" என்றாள். பூங்கோதைதான் முதலில் அசைந்தாள், மாடி அறையை ஒழித்துவிடுகிறேன் என்று ஓடினாள். மாடி அறைக்கு நாலு ஜன்னல். எல்லம்மா கணப்பை இடுக்கியால் தூக்கி வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினாள். கதவைச் சாத்தினார்கள், பூட்டினார்கள், பூட்டின் மேல் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டினார்கள். படம் எடுக்க வந்தவன் வாசலில் நின்றான். சத்தியசீலன் என்னைத் தாண்டிப் போகும்போது, "முந்தாநாள் இதைச் சொல்லியிருந்தா நான் அந்த ரூமை அன்னைக்கே பூட்டியிருப்பேனே அத்தை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டான்.

நான் பழைய நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். அம்மா, குழந்தை மாடியில் இருக்கிறது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குமேல் நினைக்க முடியவில்லை, அழுகைதான் வந்தது, எல்லாரும் பார்க்கவே அழுதேன். பெற்ற தாயைப் பற்றி இப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டதே, பாவம் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தியம்மா இறங்கி வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி.

"பிள்ளை தூங்குதும்மா" என்றாள். "நீங்க இல்லேன்னா என்னா ஆகியிருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க பேரு இன்னாம்மா? தப்பா எடுத்துக்காதீங்க. பதினோராம் நாள் பேரு வைக்கறப்ப தெரியாத்தனமா அந்தப் பேரு வந்துடக்கூடாது பாருங்க" என்றாள்.

இந்த வீட்டில் அம்மாவின் பெயர் காதில் விழுந்து அறுபத்தேழு வருஷம்.

"செங்கமலம்" என்றேன்.

மறந்துவிடாமலிருக்க அவள் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.